குடிகாடு தாண்டினால் ஏறும் சூடு

அது மாசி மாதம் என்றுதான் நினைக்கிறேன். தை என்கிறாள் என் மனைவி ஜான்சி. அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். படித்ததையும் பார்த்ததையும் நான் சில நேரம் குழப்பிக்கொள்வேன். ஆனால் அன்று மினி லாரியின் பின்னால் உட்கார்ந்து பார்த்ததை நான் எங்கும் படித்திருக்க முடியாது.

கார் என் மாமனார் லூர்துசாமியுடையது. 1956ஆம் வருட மாடல். ஒரு முதலாளியிடம் முப்பது வருடம் அதற்கு டிரைவராக இருந்தார். முதலாளி இறக்கும் முன் வண்டியை அவர் பெயருக்கே எழுதிவைத்தார். மாமனாருக்குப் பிறகு அவர் மகன் ராபர்ட் ஓட்டத் தொடங்கினான். சூடும் அப்போதுதான் தொடங்கியது. கடலூருக்குள் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றுமில்லை. சிதம்பரம் போகக் கிளம்பிக் குடிகாடு தாண்டினால், சில நாள் மட்டும், சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். ஓரங்கட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். திரும்பும்போது பயந்து பயந்து மெதுவாக வருவான். அப்போது சூடு ஏறாது.

முதுநகர் மெக்கானிக் கார்த்திகேசன் தண்ணீர் பம்பை மாற்றினார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். மறுநாள் ஆலப்பாக்கத்தில் ஆவி பறந்தது.

புதுச்சேரி ஓட்டல்காரர் ஒருவர் காரை வாங்கச் சனிக்கிழமை வருவதாக இருந்தது. என்ஜினை எடுத்துவிட்டு, வரவேற்பறையில் அலங்காரத்துக்கு நிறுத்தப்போகிறாராம். ராபர்ட் சரி என்று சொல்லிவிட்டான்.

"அப்பா கையில ஒரு நாளும் கொதிச்சதில்ல மாமா," என்றான் வியாழக்கிழமை, கார்த்திகேசன் பட்டறையில். "ஏங்கையிலதான் கொதிக்குது. நான் ஓட்டறது அதுக்குப் புடிக்கல."

அவன் அதை நம்பினான் என்று தெரிந்தது.

ஜான்சி அவனைப் பார்க்காமல் கார்த்திகேசனிடம் கேட்டாள். "அண்ணே, எப்பவும் நின்ன பெறகுதான் பாக்குறீங்க. ஓடறப்ப யாராவது பாத்தீங்களா?"

"ஓடற வண்டிக்கு முன்னால போய் நிக்கச் சொல்றியாம்மா? இன்சூரன்ஸ் கூட கட்டல."

"நிக்க வேணாம். ஒக்காருங்க."

வெள்ளிக்கிழமை காலை பக்கத்துக் கடைக்காரரின் மினி லாரியில், பின்பக்கம் பார்த்தபடி கார்த்திகேசனும் நானும் உட்கார்ந்தோம். கடைக்காரர் ஓட்டினார். ராபர்ட் காரில் நெருங்கியே பின்தொடர்ந்தான். அவன் பக்கத்தில் இருந்த ஜான்சி போனில் முள்ளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். குடிகாட்டு ரசாயன ஆலைகளின் நெடி பின்னால் போயிற்று. சாலை காலியானது.

"அறுவதுல போறான். முள்ளு நடுவுலதான் நிக்குது."

காரின் முகப்புக் கம்பிகளுக்குப் பின்னால், அடியில், வெளிறிய ஏதோ ஒன்று அசைந்தது. பிறகு எழுந்தது. ஒரு சிலுவை. உலர்ந்த குருத்தோலைச் சிலுவை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்பதுபோல அவை எழுந்து, காற்றில் உந்தப்பட்டு, ரேடியேட்டரில் போய் ஒட்டிக்கொண்டன. கறுப்பு உலோகம் மறைந்துவிட்டது. கம்பிகளுக்குப் பின்னால் வெறும் சிலுவைகள்தான் தெரிந்தன.

கார்த்திகேசன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு இரைச்சலிலும் எனக்கு எல்லாம் அமைதியாகிவிட்டதுபோல இருந்தது.

"ஏறுது," என்றாள் ஜான்சி. "ஏறிக்கிட்டே இருக்கு."

ராபர்ட் வேகத்தைக் குறைத்தான். காற்று விட்டதும் அவை சரிந்து, அடியிலிருந்த தகரப் பள்ளத்துக்குள் மறுபடி படுத்துக்கொண்டன.

ஓரத்தில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தோம். குருத்தோலை ஞாயிறு தோறும் மாமனார் மந்திரித்த ஓலையில் சிலுவை செய்து முகப்புக் கம்பியில் செருகுவார். பழையதைக் குப்பையில் போடக்கூடாது. அதனால் உள்ளே தள்ளிவிடுவார். உதிர்ந்தவை போக இருபத்து மூன்று இருந்தன.

"அப்பா நாப்பதத் தாண்டுனதே இல்ல," என்றாள் ஜான்சி. "சைக்கிள்காரன் பெல்லடிச்சி முந்திட்டுப் போவான்."

கார்த்திகேசன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ரேடியேட்டரக் கழட்டனப்ப நான் இதெல்லாம் பாத்தேம்மா. சாமி சமாச்சாரம், கலைக்கக் கூடாதுன்னு தொடச்சி, இருந்த மாதிரியே அடுக்கி வெச்சிட்டேன்."

"தொடச்சி வேறயா?"

"தொடச்சேன். செருப்பக் கழட்டிட்டுதான் அடுக்குனேன்."

ராபர்ட் சிரிக்கவில்லை. காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜான்சியின் துப்பட்டாவில் போட்டான். கடைசி ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப நான் ஒண்ணும் கெடுக்கல, இல்ல மாமா?"

"இல்ல மச்சான்."

சிதம்பரம் வரை எழுபதில் போனோம். முள் நடுவிலேயே நின்றது. பேருந்து நிலையத்துக் கூட்டத்துக்கு நடுவே வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே ராபர்ட் ஓட்டல்காரருக்குப் போன் செய்தான்.

ஓட்டல்காரர் வேறொரு காரை வாங்கினார். ஓலைகளை மாதா கோயிலில் கொடுத்தோம். சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காக எரித்தார்கள். கார்த்திகேசன் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். ராபர்ட் அந்த வண்டியைக் கல்யாணங்களுக்கு ஓட்டுகிறான். ஜான்சிக்கு நெல்லிக்குப்பத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. நான் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன்.