கடைசி வரிசையில் கடல்

திருவொற்றியூரில் பாறாங்கல் தடுப்பை ஒட்டி நிற்கும் மதரசாவில், மழை விட்ட மறுவாரம் கடல் பாடம் படிக்கச் சேர்ந்தது. விடியற்காலை சுபுஹ் தொழுகை முடிந்து பிள்ளைகள் ஓத உட்கார்ந்ததும் அது கற்களைத் தாண்டி, கிழக்கு வாசல் வழியாக உள்ளே வந்து கடைசி வரிசையில் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்தது. அதன் முன்விளிம்பு கண்ணாடி போல நேராக நின்றது. அதற்கு முன்னால் விரித்திருந்த பாய் நனையவில்லை. உள்ளே இரண்டு இறால்களும் ஒரு பால் கவரும் மிதந்தன. யாரும் கத்தவில்லை. பிள்ளைகள் ஒரு வரிசை முன்னால் நகர்ந்து இடம் விட்டார்கள். டீசல் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு சிறுமி புகார் சொன்னபோது, அது படிக்க வந்த பிள்ளையின் குற்றமில்லை, துறைமுகத்தின் குற்றம் என்றார் ஓதிக்கொடுக்கும் ஷிஹாபுதீன் ஹஜ்ரத். பாடம் முடிந்ததும் கடல் முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறியது.

அதுவரை கடல் மதரசாவை ஒட்டிய மீனவக் குப்பத்தில் மூன்று தெருக்களைத் தின்றிருந்தது. அங்கம்மாவின் டீக்கடை, பந்து விளையாடும் இடம், அம்மன் கோயிலின் முன்மண்டபம் எல்லாம் தண்ணீருக்கடியில் இருந்தன. பாடத்தில் சேர்ந்த பிறகு அது ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. தண்ணீரை ஒட்டிய கடைசி வீட்டில் இருந்த ஜெயவேல் பல வருடங்களுக்குப் பிறகு தரைக்கு சிமெண்ட் பூசினான். குப்பத்தில் வாடகை ஏறியது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தரகர் வந்து மனை விசாரித்துவிட்டுப் போனார். படிப்பில் மட்டும் கடல் மந்தம்தான். ஓர் அடி முன்னே போனால் ஓர் அடி பின்னே வரும் பழக்கம் விடாததால் முதல் பாடத்திலேயே நின்றது. ஹஜ்ரத் அடிக்கவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை.

அந்த வருடம்தான் அங்கீகாரம் பெற்ற சமயக் கல்வி நிலையங்கள் எல்லாம் வாசல் எத்தனை, கழிப்பறை எத்தனை, படிப்போர் யார் யார் என்று தெரிவிக்க வேண்டும் என அரசு கேட்டது. இது தலையீடு என்று சிலரும், பிள்ளைகளின் பாதுகாப்பு என்று சிலரும் டீக்கடைகளில் சண்டை போட்டார்கள். ஹஜ்ரத் சண்டைக்குப் போகவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், படிப்போர் கணக்கில் கடலையும் சேர்த்து அனுப்பிவிட்டார். பெயர் கடல் என்றும், பெற்றோர் தெரியாது என்றும் எழுதி, மதம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

அதை விசாரிக்க வேண்டியவன் அரசு ஆய்வாளன் மேத்யூ. ராயபுரத்துக்காரன், முப்பத்தொரு வயது. அவன் மனைவி ஜூடி இரண்டு வருடங்களுக்கு முன்பு எண்ணூரில் கடலில் கால் நனைக்க இறங்கினாள். அவளுடைய கைப்பை மட்டும் வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு அவன் பேருந்தில் கடல் தெரியும் பக்கம் உட்கார்வதில்லை. அழுததும் இல்லை. இது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திருவொற்றியூர் அவனுடைய பகுதி. மேலதிகாரி சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அவங்க பள்ளியை அவங்க நடத்திக்கலாம், அது அவங்க உரிமை. ஆனா யாரையும் சம்மதம் இல்லாம மதபோதனையில உட்கார வெக்கக் கூடாது, அது சட்டம். சின்னப் புள்ளைன்னா காப்பாளர் சம்மதம் வேணும். எல்லா மதத்துக்கும் ஒரே தூரத்துல நிக்கிற அரசாங்கம்ப்பா இது. கடல்கிட்ட எவ்ளோ தூரத்துல நிக்கறதுன்னு நீ போய்ப் பாத்துட்டு வா."

மேத்யூ மேற்கு வாசலில் நின்று பார்த்தான். கழிப்பறைகளை எண்ணினான். வாசல்களை அளந்தான். கடைசி வரிசையைக் கடைசியாகப் பார்த்தான். அலை இல்லாத கடலை அவன் அதுவரை கண்டதில்லை. பிள்ளைகள் ஓதி நிறுத்துமிடத்தில் அது லேசாக நடுங்கி அடங்கியது.

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"நான் கூப்பிடல சார். அதுவா வந்துச்சு," என்றார் ஹஜ்ரத். "வாசல்ல வந்து நிக்கிற புள்ளையை எந்தச் சட்டத்துல தொரத்தறது?"

காப்பாளர் யார் என்று குப்பத்தில் கேட்டான். மீன்கூடையை இறக்கி வைத்த குப்பம்மா சிரித்தாள். "இன்னா சார் நீ? அது எங்க ஆத்தா. ஆத்தாவுக்குப் பொண்ணு சம்மதம் சொல்றதா? ஊருல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க. சம்மதத்த அதாண்டயே கேளு."

சம்மதம் கிடைக்கும்வரை பாடம் நிறுத்தப்படுவதாக மேத்யூ அறிவித்தான். கிழக்கு வாசலைச் சாத்தி, பூட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தான். வெளியே நில் என்று கடலிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை; தான் சொல்லிவிட்டோம் என்பதில் அவனுக்குள் ஏதோ ஒன்று இரண்டு வருடங்களில் முதல் முறையாகச் சூடேறியது.

"நைனா, நீ பூட்டிகினு பூடுவ," என்றான் ஜெயவேல். "அது எங்க போவும்? நேரா என் வூட்டுக்குத்தான். இப்பத்தான் தரை பூசிக்கீறேன்."

மறுநாள் விடியலில் குப்பம் முழுக்கச் சாலையில் நின்றது. சிலிண்டர், டி.வி., துணி மூட்டை, அம்மன் படம் எல்லாம் மீன்பாடி வண்டிகளில் ஏறியிருந்தன. ஹஜ்ரத் பிள்ளைகளோடு எதிர்ப்பக்கம் நின்றார். உத்தரவு இருந்ததால் யாரும் ஓதவில்லை. கடல் நேரத்துக்கு வந்தது. கற்களைத் தாண்டி, ஜெயவேலின் சுவரை உரசாமல் ஒதுங்கி, படியேறி, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றது. தட்டவில்லை. தாமதமாக வந்த பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தது.

விடியலிலேயே வந்திருந்த மேத்யூ செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அதனிடம் கேட்க அவனிடம் நிறைய இருந்தது. கேட்கச் சொல்லிச் சட்டம் கொடுத்தது ஒன்றுதான். தன் கேள்விகளை விழுங்கிவிட்டு அந்த ஒன்றைக் கேட்டான்.

"உன்னை யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா? நீயாத்தான் வர்றியா?"

கடல் போனது. படியிறங்கி, கற்களைத் தாண்டி, படகுகளை மணலில் சாய விட்டு, கப்பல்கள் நங்கூரமிடும் தூரத்துக்கும் அப்பால் போனது. முன்பு சுனாமியைப் பார்த்தவர்கள் அலறினார்கள். "ஓடாதீங்க, அது யோசிக்குது!" என்று குப்பம்மா கத்தினாள். விடிந்துகொண்டிருந்த வெளிச்சத்தில், கடல் தின்ற மூன்று தெருக்களும் தெரிந்தன. மண்டபத் தூண்கள் நேராக நின்றன. அங்கம்மாவின் கடை அடுப்பில் பாய்லர் அப்படியே இருந்தது. மேத்யூ வடக்கே, எண்ணூர்ப் பக்கம் சேற்றுவெளியைக் கண்ணுக்கு எட்டியவரை பார்த்தான். அவன் தேடியது அங்கே இல்லை. அவன் நகரவில்லை. இனி கடல் எங்கே வேண்டுமானாலும் போகலாம், போகாதே என்று சொல்ல உலகத்தில் யாருமில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் விளங்கியது.

பிறகு அது திரும்பி வந்தது. தெருக்களை ஒவ்வொன்றாக மூடி, படகுகளை நிமிர்த்தி, நடக்கும் வேகத்தில் வந்து, அவன் முழங்காலை முன்பு எங்கே தொட்டதோ அங்கேயே தொட்டு நின்றது.

அப்போதுதான் மேத்யூ அழுதான். சத்தமில்லாமல், அதிக நேரமில்லாமல். அழுது முடித்ததும் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தான். கடல் அவனுக்கு வழிவிட்டு, அவன் உள்ளே போன பிறகு போனது.

மாணவர் சுய விருப்பத்தில் வருகிறார், வயது வந்தவர், காப்பாளர் தேவையில்லை என்று அவன் அறிக்கை கொடுத்தான். மதம் என்ற இடத்தை யாரும் காலியாக விடலாம் என்று ஏற்கெனவே விதி இருந்ததால் சுப்புராயனும் மறுக்கவில்லை. கிழக்கு வாசலுக்கு ஒரு சாய்தளம் கட்ட மட்டும் உத்தரவு போட்டார். இப்போது கடல் இரண்டாம் பாடத்தில் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமிகளில் அதற்கு இடம் போதாமல் பிள்ளைகள் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து ஓதுகிறார்கள். வருடா வருடம் மேத்யூ ஆய்வுக்கு வருகிறான். வாசல்களை அளக்கிறான், கழிப்பறைகளை எண்ணுகிறான், பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்கிறான். கடல் வந்ததும் சற்று நகர்ந்து இடம் விடுகிறான்.