ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம்

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்த கையைத்தான் கண்ணுச்சாமி கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். முதலாளி ஜெயச்சந்திரனின் மச்சினன் அவன். மூன்று விரல் முறிந்தது. நான் கத்திய கத்து நாலாவது ஷெட் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு நாயும் வரவில்லை.

விஸ்வநத்தம் பக்கம் அந்தப் பட்டாசு ஆலையில் நான் போர்மேன். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் பாக்கி. நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் பன்னிரண்டு பேரை அடைத்து வெடிமருந்து வேலை பார்க்க வைத்திருந்தான் பாவி முதலாளி. சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். வெடித்தால் முதலாளி தலைமறைவாகிவிடுவான், போலீஸ் முதலில் தூக்குவது போர்மேனைத்தான். எவன் பேராசைக்கோ நான் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

"சீசன்ல விட்டுட்டுப் போறேங்கியே, ஆர்டரை யாருலே முடிக்கிறது? அஞ்சு மாசம் கழிச்சு எங்கன வேணும்னாலும் போ" என்றான் ஜெயச்சந்திரன்.

"போறேன்னா போறேன்தான் அண்ணாச்சி" என்றேன். அதற்குத்தான் கதவு.

கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டார்கள். தினமும் காலையில் மருந்து கலக்குமுன் போர்மேன் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடுவது வலது கையால். அது உறைத்ததும் ஜெயச்சந்திரன் மச்சினனைச் செவிட்டில் அறைந்தான். "கூறுகெட்ட மூதி, ஒடிக்கணும்னா இடது கைய ஒடிக்க வேண்டியதுதானலே." அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு வயிற்றில் மிதி விழுந்தது.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடந்தேன். கையெழுத்து இல்லாமலே மருந்து கலக்கினார்கள். ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் ரூம் இருந்த இடத்தில் சுவரே இல்லை. வேப்பமரத்தில் எரிந்த சேலையும் அதோடு ஒட்டிய சதையும் தொங்கின. ஏழு பேர் போய்விட்டார்கள். தினமும் சாப்பாட்டு வேளையில் எனக்கென்று ஊறுகாய் எடுத்து வைக்கும் மூக்கம்மாளை வளையலை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

போலீஸ் என்னை விசாரித்தது. அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது. விட்டுவிட்டார்கள். பொய் சொல்வானேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

பிணவறை வாசலில் மூக்கம்மாளின் மகள் அழகுமீனா என் சட்டையைப் பிடித்தாள். முறிந்த கையிலேயே மாறி மாறி அடித்தாள். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. நான் தடுக்கவில்லை.

"வெடிக்கும்னு தெரிஞ்சுதான வேலைய விட்டீக? மொதலாளிகிட்ட எழுதிக் குடுத்தீக. எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா மாமா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.