பதினொன்றாவது குச்சி

பதினொன்றாவது குச்சி உள்ளே போகும்போது அவள் கண் என் சட்டையின் மூன்றாவது பித்தானில் போய் நிற்கும், ஐஸ் குச்சிதான், குச்சி ஐஸுக்குப் போடுகிற அதே தட்டைக் குச்சி, பத்தை அடுக்காகப் பல்லுக்கு நடுவே கொடுத்துவிட்டு அடுத்ததை அந்த அடுக்கின் நடுவில் செருகுவேன், நெற்றியோரம் நரம்பு புடைக்கும், கண்ணீர் காதுப்பக்கம் இறங்கும், கண் மட்டும் பித்தானை விடாது, ஒரே நிமிஷம் துளசி, ஒரே நிமிஷம் அம்மிணி என்று நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்வேன், அந்த முள் நகருமா, நகராது. கன்னத்தில் புண் வந்து, அறுத்து, முப்பது நாள் கரண்டு வைத்த பிறகு என் பெண்டாட்டி வாய் இவ்வளவுதான் திறந்தது. கதிர் வைத்தியத்தை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் கரண்டு வைக்கிறது என்றுதான் சொன்னார்கள், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம், எத்தனையாவது கரண்டுங்க, இருபத்தி ரெண்டுங்க, எச்சி ஊறுதுங்களா, எங்கீங்க, நாக்கு மரக்கட்டையாட்டம் கெடக்குதுங்க. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, மூக்கில் குழாய், குழாய் எடுத்த பிறகு மிக்ஸியில் அரைத்த கஞ்சி, அதையும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்குதுங்க என்று தள்ளிவைப்பாள். கடவாய்ப் பல்லு குத்துதுங்க என்று ஒரு வருஷம் சொன்னவள் இவள், உப்புத் தண்ணியில கொப்புளி, சரியாப் போயிரும் என்று ஒரு வருஷமும் சொன்னவன் நான், அட கெரகமே, ஒரு நாள் அந்த வாயைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா.

குச்சிகளைக் கொடுத்த பெண் சின்னப் பெண், வாய்ப் பயிற்சி சொல்லித்தருகிறவள், என்னைத் தனியே கூப்பிட்டு, ஐயா, கரண்டு வெச்ச சதை சுருங்கிட்டே வருமுங்க, ஆறு மாசத்துக்குள்ள விரிச்சாத்தான் உண்டு, அழுதாலும் பார்க்காதீங்க, தினம் அஞ்சு வேளை, பதினாறு குச்சி போச்சுன்னா சோத்தை உருட்டி வாயில போட்டுக்கலாம் என்றாள். சுருங்குவதைப் பற்றி என்னிடம் சொல்கிறாள், நான் முப்பது வருஷமாகக் கோயமுத்தூர் வார்ப்படப் பட்டறைகளுக்கு மரத்தில் பேட்டர்ன், வார்ப்புக்கான மாதிரி, செய்கிறவன், இரும்பை ஊற்றி ஆறினால் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு மரத்தை அவ்வளவு பெரிதாகச் செதுக்குவதுதான் என் பிழைப்பு, முடியளவு தப்பினாலும் வார்ப்பு மொத்தமும் வீண், இந்தக் கை தப்பாது என்று ஊரெல்லாம் பேர். துளசிமணி பதினாறு என்றதைக் கேட்டதும் விரலில் எண்ணிக்கொண்டாள், அரைக்காத அரிசிம்பருப்புச் சோறுங்க, நெய்யூத்தி, என் கையிலயே அள்ளி, ஒரே ஒரு வாய், அது போதுமுங்க எனக்கு.

ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏறியது, அப்புறம் நின்றுவிட்டது. மூன்று வாரம் பதினொன்றிலேயே. பன்னிரண்டை நான் செருகப்போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள், அடுக்கை எடுத்த பிறகு, போதுங்க, என்னால ஆகாதுங்க, நான் இப்படியே கஞ்சி குடிச்சே போயிர்றேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் சாப்பாட்டு வேளை, எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், என் சட்டைப் பையில் ஒரு குச்சி இருக்கிறது, மேஜை மேல் உப்புத்தாள் இருக்கிறது, கை தானாகத் தேய்க்கிறது, இரண்டு பக்கமும் நாலு தேய்ப்பு, முடியளவையும் காட்டுகிற வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன், கால் மில்லி குறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அன்றைக்கே கட்டு முழுவதையும் அப்படியே தேய்த்துவைத்தேன். மறுநாள் பன்னிரண்டு போனது. எம்மட சாமி, பன்னெண்டுங்களா, நெசமாவா என்றாள், கண்ணாடியில் போய்ப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள், ஆறு மாசத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், அந்தச் சிரிப்புக்காக நான் என்ன வேண்டுமானாலும் தேய்த்திருப்பேன், தேய்த்தேன். வாரத்துக்கு ஒரு கட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, பதிமூன்று, பதினாலு. எண்ணிக்கை ஏறுகிறதே என்று அவள் ஐந்து வேளையை மூன்றாக்கினாள், நானும் பரவால்ல விடு என்றேன், வலிக்கிறவளை விட்டுவிடுவது எவ்வளவு சுகம், அது பாசம் என்று நானே நினைத்துக்கொண்டேன், உள்ளே சதை இறுகிக்கொண்டிருந்தது, எனக்கா தெரியாது, இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினாறு போன அன்று குளித்து, சிவப்புக் கரைச் சேலை கட்டி, அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். வேண்டாம் துளசி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு என்று இழுத்தேன், அட போங்க, குச்சியே சொல்லிருச்சு, டாக்டரு என்னத்தச் சொல்றது. சோறு ஆவி பறக்க வருகிறது, நெய் ஊற்றிப் பிசைகிறாள், உருட்டுகிறாள், வாயைத் திறக்கிறாள், உருண்டை பல்லில் முட்டி நிற்கிறது. கையை எடுத்து உருண்டையைப் பார்த்தாள். கொஞ்சம் கிள்ளி வைத்துவிட்டு மறுபடியும், இன்னும் கொஞ்சம் கிள்ளி மறுபடியும், சோறு முகவாயெல்லாம் ஒட்டி மடியில் விழுந்தது, நான் எழுந்து தடுத்திருக்கலாம், உட்கார்ந்தே இருந்தேன். கையைக் கழுவினாள். ரசப்பொடி டப்பாவில் மட்டம் தட்டுவதற்கு முதல் கட்டிலிருந்து ஒரு குச்சியைப் போட்டு வைத்திருந்தாள், நான் மறந்தே போயிருந்தேன், அதைத் துடைத்துக் கொண்டுவந்து இன்றைய குச்சி ஒன்றோடு உள்ளங்கையில் சேர்த்துவைத்து நகத்தால் தடவிப் பார்த்தாள். பேட்டர்ன்காரன் பெண்டாட்டி, இருபத்தெட்டு வருஷம், தெரியாதா. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை, கட்டி சுத்தமாப் போயிருச்சுன்னு டாக்டரு சொன்னாருன்னீங்களே, என்று குழறலாக, நிதானமாகக் கேட்டாள், அதுவும் இப்படித் தேச்சதுதானுங்களா?

இல்லை துளசி, அது நெசம், சத்தியமா நெசம், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், உன் தலையில் அடித்துச் சொல்கிறேன். கையைத் தலையில் வைக்கவிடாமல் நகர்ந்துகொண்டாள். ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தேன், இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது, நான் வாசித்ததைக் கேட்டாள், சன்னலைப் பார்த்தாள். அடுத்த முறை டாக்டரே அவள் முகத்துக்கு நேராக, உங்களுக்கு நோய் இல்லைம்மா, வாய்தான் இனி இதுக்கு மேல திறக்காது, விரிக்கிற காலத்தை விட்டுட்டீங்க, இருக்கிற பதினொண்ணு போயிராமப் பாத்துக்குங்க என்றார், வெளியே வந்ததும், நீங்க அவருகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருப்பீங்க என்றாள். அவள் வாயை நான் குறைத்தது ஒரு பங்கு என்றால், அவளுக்குக் கிடைத்த உயிரை நம்பவிடாமல் செய்தது பத்துப் பங்கு, தினமும் காலையில் எழுந்து கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள், இல்லாத கட்டியைத் தேடுகிறாள், உண்மையை நான் எதில் அளந்து அவளுக்குக் காட்டுவேன்.

காலை ஏழு மணி. குச்சிக் கட்டு புதுசு, வெர்னியர் அவள் மடியில் இருக்கிறது, படிக்கச் சொல்லித்தரச் சொன்னாள், சொல்லித்தந்தேன். ஒவ்வொரு குச்சியாக என் கையிலிருந்து வாங்கி, வெர்னியர் வாயில் கொடுத்து, கோட்டைப் பார்த்து, ரெண்டு மில்லி என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுத் திருப்பித் தருகிறாள், பத்து அடுக்கியாயிற்று, பதினொன்றாவது உள்ளே போகிறது, நெற்றியோரம் நரம்பு புடைக்கிறது, கண்ணீர் இறங்குகிறது. பித்தானில் கண் இல்லை, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதினொண்ணு என்கிறேன். மடியில் தன் விரலை மடக்கி எண்ணி முடித்துவிட்டு, அப்புறம்தான் தலையாட்டுகிறாள்.