டாப் கியரில் முப்பது

நெல்சன் எழுந்தான். பல் தேய்த்தான். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். அடிபம்பில் தண்ணீர் பிடித்து வந்தான். குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்தான். சட்டையை இஸ்திரி போட்டான். காலர் சரியாக மடியவில்லை, அப்படியே மாட்டிக்கொண்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கீழே யேசுதாஸ் ஹாரன் அடித்தான்.

யேசுதாஸ், நெல்சனின் மனைவி சில்வியாவின் அண்ணன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். சில்வியா இறந்து அடுத்த வாரத்தோடு ஒரு வருடம். திருப்பலி முடிந்ததும் கல்லறையில் கல் பதிப்பதாக ஏற்பாடு. அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதில் இருக்க வேண்டும் என்று அவள் அம்மா ஃப்ளோரன்ஸ் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ‘மாதாவே, காப்பாற்றும்.’

அதை ஃப்ளோரன்ஸிடம் சொன்னவன் நெல்சன்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என் பெண் என்ன சொன்னாள் என்று அவள் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னான். சில்வியா அப்படிச் சொல்லவில்லை. இன்று கல்லில் வெட்டிவிட்டால் பிறகு அதுதான் உண்மை. அதைத் தடுக்க வேண்டுமென்றால் யேசுதாஸிடம் வாயைத் திறந்தாக வேண்டும்.

“இன்னா மாப்ள, இஸ்திரி சட்டையா? கல்லு வெட்றவரு உன்ன இன்டர்வியூவுக்கா கூப்ட்டுகிறாரு?”

“மறந்துட்டேன் மச்சான்.”

“துன்னியா?”

“சோறு வச்சிருக்கேன்.”

“காலங்காத்தால சோறா? பேஜாரு புட்சவன்பா நீ. ஏறு, சட்டுனு முடிச்சிகினு வந்துரலாம். மத்தியானம் கரோலின அவங்கம்மா வூட்லேர்ந்து கூட்டினு வரணும். மாசமா கீறா, பஸ்ல ஏத்தாதன்னு எங்கம்மா ஆர்டரு.”

கரோலின், யேசுதாஸின் மனைவி. நெல்சன் தன் வண்டியை விற்றுவிட்டான். யேசுதாஸின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். இன்னொருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமில்லை.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் யேசுதாஸ் டாப் கியருக்குப் போய்விட்டான். வேகம் முப்பதுதான் இருக்கும். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் திருவொற்றியூர் வரைக்கும் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி வேகம் குறைந்தது; அவன் கியரைத் தொடவில்லை. இன்ஜின் அடித்தொண்டையில் தட்தட்டென்று இடித்தது.

“பாத்தியா மாப்ள, கத்துதா? பூன மாறி போவுது.”

படகு இன்ஜினுக்கு அது பொருந்தும். கனமான டீசல் இன்ஜின். மெதுவாகச் சுற்றினாலும் இழுத்துக்கொண்டு போகும். அதைக் கத்தவிடுகிற டிரைவரைக் காசிமேட்டில் யாரும் மதிப்பதில்லை. யேசுதாஸ் வீட்டு ஆண்கள் பைக்கையும் படகைப் போலத்தான் ஓட்டினார்கள். கல்யாணமான புதிதில் நெல்சன் மூன்றாவது கியரில் வந்து நின்றதைப் பார்த்து மொத்த வீடும் சிரித்தது. “படிச்சவன் ஓட்ற லட்சணத்த பாரு, வண்டி ஒப்பாரி வெக்குது” என்றான் யேசுதாஸ். நெல்சன் மெக்கானிக்கல் படித்தவன். சின்ன பெட்ரோல் இன்ஜினை மெதுவாகப் போகும்போது கியரைக் குறைக்காமல் நெருக்கக் கூடாது, அவசரத்துக்கு இழுக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவனும் சேர்ந்து சிரித்தான். அந்த வீட்டில் ஒருவனாக ஆக வேண்டுமென்று இருந்தது. மறுநாளிலிருந்து அவனும் டாப் கியரில் முப்பதில் போனான். பிறகு அதுவே கைப்பழக்கம் ஆனது.

ஓட்டுகிறவன் கையில் அந்த அதிர்வு வெறும் கூச்சம். பின்னால் வேறு மாதிரி இருந்தது. மிதிகட்டையிலிருந்து செருப்பைத் துளைத்து, முழங்கால் வரைக்கும் உதறல் ஏறியது. சீட் இடுப்பை இடித்தது. பற்கள் ஒன்றோடொன்று தட்டின. மாதா கோயில் வாசலில் இறங்கியதும் சில்வியா காலைத் தரையில் ஓங்கி மிதித்துக்கொள்வாள். ஒருக்களித்து உட்கார்ந்து வருவதால் மரத்துவிட்டது என்று அவன் நினைத்திருந்தான். கேட்டதில்லை.

முன்னால் ஒரு டிரெய்லர் இடதுபக்க விளக்கைப் போட்டது. அது திரும்புவதற்குள் தாண்டிவிடலாம் என்று யேசுதாஸ் ஆக்சிலரேட்டரை முறுக்கினான். வண்டி முன்னால் பாயவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்குவது போல உதறியது, பிறகுதான் மெல்ல நகர்ந்தது. டிரெய்லர்காரன் நல்ல வேளையாகக் காத்திருந்தான். நெல்சனின் கை யேசுதாஸின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

“பயந்துகினியா? நான் கீறேன்ல.”

அன்றைக்கும் இப்படித்தான். பின்னால் சில்வியா; நெல்சன் முறுக்கினான். வண்டி உதறியது, உதறியபடியே நின்றது. டிரெய்லர் நிற்கவில்லை.

திருவொற்றியூரில் கல் வெட்டுகிற வேலப்பன் கல்லைத் துடைத்து வைத்திருந்தார். சாக்பீஸால் பெயரை எழுதினார், தேதிகளை எழுதினார்.

“கீழ வாசகம் எதாச்சும் உண்டா?”

“உண்டு, உண்டு” என்று யேசுதாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “மாதாவே, காப்பாற்றும். நல்லா பெருசா போடுங்க.”

வேலப்பன் ‘மா’ எழுதினார்.

“அது வேணாம்” என்றான் நெல்சன்.

“ஏன் மாப்ள? அம்மா கேட்டுச்சே.”

“அவ அத சொல்லல மச்சான். அம்மாவுக்காக நான்தான் சொன்னேன்.”

வேலப்பன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாக வெளியே போனார். யேசுதாஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

“பின்ன எந்தங்கச்சி இன்னாதான் சொன்னா?”

ஒன்றும் சொல்லவில்லை என்று முடித்திருக்கலாம். கல்லுக்கு அது போதும். யேசுதாஸ் நிம்மதியாக வீட்டுக்குப் போவான். வண்டிச் சாவி அவன் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. மத்தியானம் கரோலின் அந்தச் சீட்டில்தான் உட்கார்ந்து வருவாள்.

சில்வியா சொன்னதை நெல்சன் அப்படியே சொன்னான்.

“அண்ணன் பேச்ச படகுல கேளு. கியரக் கொற நெல்சன், லாரி திரும்புது.”