தர்சினி கடைக்கு வாறவர்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற தர்சினியின் சாப்பாட்டுக்கடையில் பேய் உலாவுகிறதென்ற கதை மாசி மாதத்தில் கிளம்பியது. பங்குனி முடிவதற்குள் அது மருதனார்மடம் சந்தை வரைக்கும் போய்விட்டது. மத்தியானச் சனம் சாப்பிட்டுப் போய்க் கடை வெறிச்சோடிக் கிடக்கிற மூன்று மணியளவில், பின்பக்கப் பைப்படியில் ஒரு ஆள் குனிந்து நின்று கை கழுவுவானாம். நீலச் சாரம் உடுத்து, வெள்ளைச் சேட் போட்டிருப்பானாம். கூப்பிட்டால் திரும்பமாட்டானாம். கிட்டப் போனால் நிலத்தில் ஈரம் மட்டும்தான் இருக்குமாம். முதலில் கண்டது ஓட்டோ ஓடுகிற றெஜி. அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கண்டார்கள். ஒருவருக்குச் சுருட்டு மணத்தது, இன்னொருவருக்கு இருமல் கேட்டது.

அந்த ஆள் யாரென்று ஒருவரும் பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தர்சினியின் புருசன் செந்தூரன் சண்டைக்காலத்தில், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒருநாள் காலமை, கடைக்கு மரக்கறி வாங்கிவரச் சைக்கிளில் போனவன், திரும்பி வரவேயில்லை. சைக்கிள் மட்டும் ஒரு வேலியோரத்தில் கிடந்தது. அப்போது மகள் கஜானி கைக்குழந்தை.

பேயென்றால் யாவாரம் படுத்துவிடும் என்றுதான் தர்சினி கோபப்படுகிறாள் என்று ஊர் நினைத்தது. உண்மையில் யாவாரம் கூடித்தான் இருந்தது. பேயைப் பிடிக்கக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்த யூரியூப்காரர் இருவரை அவள் அகப்பைக்காம்போடு படலை வரை துரத்திக் கலைத்தாள்.

ஒருநாள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த கஜானி மெல்லச் சொன்னாள்.

"அம்மா, ஐயரைக் கூப்பிட்டு ஒரு சாந்தி செய்வமே. சனத்தின்ரை வாயும் அடங்கும்."

"ஆருக்குச் சாந்தி?"

கஜானி அடுத்த தேங்காய்ப்பாதியை எடுத்தாள்.

"செத்த ஆக்கள்தான் பிள்ளை பேயாய் வாறது. உன்ரை அப்பா செத்துப்போனார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"பதினெட்டு வருசம் அம்மா."

"ஓம். எனக்கும் எண்ணத் தெரியும்."

தர்சினி இன்னும் பொட்டு வைக்கிறவள், தாலி கழற்றாதவள். மரணச் சான்றிதழுக்கு என்று வந்த படிவத்தை இரண்டு தரம் கையெழுத்து வைக்காமலே திருப்பிக் கொடுத்தவள். இப்போது பேய்க்கதை என்ற பேரில் ஊரே சேர்ந்து அந்தக் கையெழுத்தை வைத்துவிட்டது போல அவளுக்கு இருந்தது.

வைகாசி வெக்கையில் ஒரு பின்னேரம் றெஜி பிளேன்ரீ குடிக்க வந்தான். கடையில் வேறு ஆளில்லை. தர்சினி வந்து அவனுக்கு முன்னால் கிடந்த மரவாங்கில் குந்தினாள்.

"றெஜி, நீ கண்டனியெல்லே."

அவன் கிளாசை வைத்தான். "அக்கா, அது..."

"நான் ஏச வரேல்லை. சொல்லு. ஆள் மெலிஞ்சு போனாரோ?"

அவன் வாசலில் நின்ற ஓட்டோவைப் பார்த்தான்.

"தலை நரைச்சிருந்துதோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லு. போகேக்கை ஒரு மயிர் நரைக்கேல்லை. நரைச்சிருந்தால் அது பேயில்லை. எங்கையோ உயிரோடை இருந்து வயது போயிருக்கு."

றெஜியின் முகம் கறுத்துப்போயிற்று. அவனுக்கே முப்பது வயதுதான். செந்தூரனைப் பார்த்த நினைவுகூட அவனுக்கில்லை.

"அக்கா, மாதா அறிய நான் ஒண்டையும் காணேல்லை. ஓட்டோ ஸ்டாண்டிலை பகிடிக்குச் சொன்னனான். மற்றவையள் பெருப்பிச்சுப்போட்டினம். என்னை மன்னியுங்கோ."

அவள் அவனை ஏசவில்லை. அவனுக்குப் பின்னால் தெரிந்த பைப்படியையே பார்த்தபடி இருந்தாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. மூன்று மாதமாய்ப் பொய், பொய் என்று எல்லாரோடும் சண்டை பிடித்தவளுக்கு, அது பொய்தான் என்று தெரிந்த நேரம் நெஞ்சு விட்டுப்போயிற்று. குசினியிலிருந்து வந்த கஜானி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

றெஜி அன்றைக்கே ஸ்டாண்டில் உண்மையைச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. கடைக்காரி அவன் வாயைக் கட்டிப்போட்டாள் என்றார்கள்.

ஆனி மாதம் தெல்லிப்பழைப் பக்கமிருந்து தங்கமுத்து என்ற வயதான மனிசி ஒருத்தி பஸ் ஏறி வந்தாள். சோறு போட்டுக் கொடுத்தும் தொடவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துத் தர்சினி பக்கமாக மேசையில் வைத்தாள். மீசை அரும்பிய ஒரு இளந்தாரியின் படம்.

"பிள்ளை, காணாமல் போன ஆக்கள் இஞ்சை வந்து போகினமாம். உவன் என்ரை மகன் சுபாஸ்கரன். ஒருக்கால் எண்டாலும் வந்தவனோ?"

எல்லாம் பொய்யம்மா, வீட்டை போங்கோ என்று சொல்லத்தான் தர்சினி வாயெடுத்தாள். பிறகு படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னும் காணேல்லை அம்மா," என்றாள். "நீங்கள் முதல்லை சாப்பிடுங்கோ."

தனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரே இருந்தாள்.

"மகன் என்ன கறி விருப்பமாய்ச் சாப்பிடுறவர்?"

"கணவாய்," என்றாள் தங்கமுத்து. "கணவாய்க் கறி எண்டால் ரெண்டு கோப்பை தின்னுவான். தமக்கைக்கும் மிச்சம் வைக்கமாட்டான்."

சொல்லிக்கொண்டே சோற்றில் கை வைத்தாள். தர்சினி சொதியை அவள் பக்கம் நகர்த்திவிட்டாள்.