முழங்கால் வலி

மகள் நிரோஜினியின் கலியாணத்தில், பெண்ணின் தாய் தகப்பனை ஐயர் மணவறைக்கு அழைத்தபோது யசோதா சாப்பிட்டு இருபது மணித்தியாலம் ஆகியிருந்தது. முதல் நாளே லா கூர்னெவ் கலியாண மண்டபத்துக்கு வந்து, மேடையிலிருந்து கழிப்பறை எத்தனை அடி என்று நடந்து பார்த்திருந்தாள். ஐம்பத்திநாலு.

நிரோஜினியைப் பிரசவத்தில் ஆயுதம் போட்டு இழுத்து எடுத்தபோது கிழிந்த தசை, ஐம்பது வயதுக்குப் பிறகு மலத்தை நிறுத்தி வைக்க மறுத்தது. லா சப்பல் கடைத்தெருவில் சேலைக்கடை வேலை. ஒருநாள் கார் து நோர் நிலையம் வரமுன் ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அதன்பின் மாற்றுடுப்பில்லாமல் அவள் வீட்டை விட்டு இறங்கியதில்லை. கோயிலுக்கும் விருந்துக்கும் போவதை நிறுத்தினாள். பெருமை பிடித்துவிட்டதென்று சனம் கதைத்தது. கணவர் மகாலிங்கத்தோடு ஒரே கட்டிலில் படுப்பதையும் விட்டாள். அவர் காரணம் கேட்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

டொக்டரிடம் போகும்போது பிரெஞ்சில் மொழிபெயர்க்க நிரோஜினிதான் வருவாள். என்ன செய்யுது என்று அவர் கேட்பதாகச் சொல்வாள். முழங்கால் வலி என்பாள் யசோதா. ஒவ்வொரு முறையும் முழங்காலுக்கு மருந்து கிடைத்தது.

மணவறையில் மகளின் கையைத் தகப்பன் பிடித்துக் கொடுக்க, தாய் நீர் வார்க்கும் நேரம். வயிறு முறுகியது. செம்பை வைத்துவிட்டு எழுந்தாள். முப்பது அடிக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கழிப்பறைக்குள் பட்டுச்சேலையை அலசிக்கொண்டிருக்கையில் கெட்டிமேளம் கேட்டது. நீர் வார்த்தது மகாலிங்கத்தின் தமக்கை என்று பிறகு அறிந்தாள். மகாலிங்கம் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"ஒரு மணித்தியாலம் இருக்கேலாதோ உனக்கு? மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவர் போனபின் நிரோஜினி வந்தாள். கதவு திறந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. புதுத்தாலி கழுத்தில் கிடக்க, தொட்டியில் ஊறும் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப இருந்து?"

நீ பிறந்தபோது கிழிந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "கிட்டடியிலைதான்."

"எனக்கு ஏனம்மா சொல்லேல்லை?"

"நீதானே பிள்ளை அதை டொக்டருக்குச் சொல்லோணும்."

நிரோஜினி குழாயை மூடினாள்.

குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டபோது எல்லோரும் பட்டில் நெருங்கி நின்றார்கள். யசோதா மாற்றுடுப்பாகக் கொண்டுவந்த பருத்திச் சட்டையோடு ஓரத்தில், ஒரு கை தூரம் விட்டு நின்றாள். கிட்ட வரும்படி படக்காரர் சைகை காட்டினார். நிரோஜினி வரிசையை விட்டு இறங்கி அவள் பக்கம் வந்தாள். யசோதா இன்னும் ஒரு அடி தள்ளிப் போனாள்.