ரத்தினம்மாள் வைத்த பலாச்சுளை

மங்கலம்பேட்டை கடைத்தெருவில் பழக்கடை வைத்திருக்கும் ரத்தினம்மாளைத் திருடி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள் எந்தத் தோப்பிலும் கால் வைத்ததில்லை. கொளஞ்சியப்பன் என்பவன் மொபெட்டில் சாக்குப் போர்த்திக் கொண்டுவரும் பலாப்பழங்களைப் பாதி விலைக்கு வாங்கிப் போடுவாள், அவ்வளவுதான். எங்கே வெட்டியது என்று மட்டும் கேட்கமாட்டாள். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் பாவம் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு சுத்தம்.

2008 மே மாதம் அவள் மகன் ஜெயப்பிரகாஷுக்குக் காடாம்புலியூர் சபாபதி வீட்டுச் சம்பந்தம் கூடிவந்தது. பையனுக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை, வயதோ முப்பத்துநாலு. ஏற்கெனவே தட்டிப்போன இடங்களைத் தெருவே மனப்பாடமாகச் சொல்லும். இதுவும் போனால் இனி ஜாதகத்தை எடுத்துக்கொண்டு யார் வீட்டுப் படியேறுவது?

பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று, கடையில் கிடந்ததிலேயே அழகான பழத்தை வீட்டுக்குத் தூக்கிவந்து அறுத்தாள். சுளைகள் இளஞ்சிவப்பாக இருந்தன. தாம்பாளத்தில் அடுக்கி வைத்துத் தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

சபாபதி ஒரு சுளையைத் தின்றார். இன்னொன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏது பழம்?"

"நம்ம மரந்தாங்க. எங்க அண்ணன் தோப்புல, கெணத்தாண்ட நிக்குது." கூசாமல் சொன்னாள்.

"கொட்டையிலேர்ந்து மொளச்ச பலா, ஒண்ணு மாதிரி ஒண்ணு காய்க்காதும்மா. இந்தக் கலரும் இந்த மணமும் எங்க பக்கத்துல ஒரே மரத்துக்குத்தான். அது எங்க வீட்டுப் பின்னால நிக்குது. போன வாரம் அதுல ரெண்டு பழத்தக் காணும்."

"அதே மாதிரி இன்னொரு மரம் இருக்கக் கூடாதுங்களா?"

"இருக்கலாம். வாங்க, ஒங்க அண்ணன் தோப்பப் பாத்துட்டே வந்துடுவோம். வண்டி வாசல்லதான் நிக்குது."

ரத்தினம்மாள் மகனைப் பார்த்தாள். தனக்குத் தாய்மாமன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? தரையைப் பார்த்தபடி, "போதும்மா" என்றான்.

சபாபதி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கொண்டுவந்த பூவும் சீப்பு வாழைப்பழமும் அப்படியே திரும்ப வண்டியேறின.

ஜெயப்பிரகாஷ் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. செல்போனை எடுத்தாள்.

"ஏன்டா கொளஞ்சி, இம்மாந் தோப்பு கெடக்குது, ஒனக்கு வேற மரமே கெடைக்கலியா?"